ஒரு சாண் குழிக்குள் ஒரு காடு... தெரியுமா?

ஆப்பிரிக்க வரைபடத்தை விரித்து, சகாராப் பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் விரலை வையுங்கள். மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல் தொடங்கிக் கிழக்கே செங்கடல் வரை, 5,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்த வறண்ட பட்டையின் பெயர் சாஹேல். அரபு மொழியில் அதற்குக் 'கரை' என்று பொருள். ஆமாம், மணல் கடலின் கரை! அடுத்தடுத்து வந்த வறட்சிகளில், 1968 முதல் 1974 வரையிலும் மறுபடி 1980-களிலும், ஊர் ஊராகப் பஞ்சம் பிழைக்கக் கிளம்பிய பூமி அது. அங்கே ஏழை உழவர்கள் மண்வெட்டியால் செய்து காட்டிய அதிசயங்களைக் கேளுங்கள்!

மழை கொட்டியும் நிலம் நனையாது, தெரியுமா?

புர்கினா ஃபாசோ நாட்டின் வடக்கே இருக்கிறது யாத்தெங்கா வட்டாரம். அங்கே மரமும் புல்லும் போன நிலம் வெயிலில் பொருக்குத் தட்டி, சிமென்ட் தளம்போல இறுகிவிட்டது. மூன்று நான்கு மாதம் பெய்கிற மழையும் அதன் மேல் வழுக்கி ஓடிவிடும். செயற்கைக்கோள் பதிவுகளின்படி, சாஹேலில் மிகக் கடுமையான புயல் மழைகள் 1982-க்குப் பிறகு மும்மடங்காகிவிட்டன! மழை எவ்வளவு ஆவேசமாக விழுகிறதோ, அவ்வளவு வேகமாக ஓடிவிடும். ஓடுகிற நீரை நிறுத்தினால்தான் சோறு.

நிறுத்தியது ஒரு சாண் குழி, தெரியுமா?

அகலம் ஒரு சாண், ஆழம் அரைச் சாண். அதற்குப் பெயர் 'ஸாய்'. அதிகாலையில் எழுந்து விரைந்து நிலத்தைத் தயார் செய்வது என்ற பொருளுள்ள உள்ளூர்ச் சொல்லிலிருந்து வந்தது! மழைக்கு முன்பே, கொளுத்தும் கோடையில், ஒரு ஹெக்டேருக்கு 10,000-க்கும் மேற்பட்ட குழிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கை எரு போடுகிறார்கள். 'கோடை உழவு கோடி நன்மை' என்போமே, அதன் ஆப்பிரிக்க வடிவம் இது. ஒன்றுமே விளையாத தரையில், மழை குறைந்த வருடத்திலும் ஹெக்டேருக்கு 300, 400 கிலோ தானியம்!

அங்கே கரையான்தான் உழவு மாடு, தெரியுமா?

எரு வாசம் பிடித்துக் கரையான்கள் குழிக்கு வருகின்றன. தின்றபடியே மண்ணுக்குள் நுண்ணிய சுரங்கங்கள் போடுகின்றன. மழை நீர் அவற்றின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஏர் நுழையாத பாறை மண்ணைக் கூலி வாங்காமல் உழுது கொடுக்கும் படை!

பைத்தியம் என்று ஊரே சொன்னவர் காடு வளர்த்தார், தெரியுமா?

யாக்கூபா சவடோகோ. யாத்தெங்காவின் கூர்கா கிராமத்து உழவர். தாத்தா காலத்து ஸாய் குழியை 1980-களின் தொடக்கத்தில் பெரிதாக்கி, எரு சேர்த்துப் புதுப்பித்தவர் அவர். ஊர் சிரித்தது, அவர் வளர்த்த மரங்களுக்கு யாரோ தீயும் வைத்தார்கள். அவர் அசரவில்லை. எருவோடு வந்த மர விதைகள் குழியில் முளைத்தபோது பிடுங்காமல் காத்தார். பொட்டல் இருந்த இடத்தில் சுமார் 40 ஹெக்டேர் காடு எழுந்தது. 60-க்கும் மேற்பட்ட மர, செடி வகைகள்! 2023 டிசம்பரில் அவர் மறைந்தார். காடு பேசிக்கொண்டிருக்கிறது.

கொத்தனாரின் டியூப் லெவல் வயலைக் காத்தது, தெரியுமா?

ஓடும் நீரைத் தணிக்க வாட்டத்துக்குக் குறுக்கே கற்களை வரிசையாக அடுக்க வேண்டும். மட்டம் தவறினால் ஒரே இடத்தில் நீர் உடைத்துக்கொண்டு போகும். மட்டம் பார்க்க எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. நம் கொத்தனார்கள் பிடிப்பார்களே, தண்ணீர் நிரப்பிய அந்தக் கண்ணாடி டியூப், அது போதும்! யாத்தெங்காவின் சரிவுகள் முழுக்க அப்படித்தான் கல் வரிசைகள் எழுந்தன.

13 பேர் போன பயணம் ஒரு வட்டாரத்தின் பசியை மாற்றியது, தெரியுமா?

1989-இல் பக்கத்து நாடான நைஜரின் இல்லேலாவிலிருந்து 13 உழவர்கள் யாத்தெங்காவுக்கு வந்து குழிகளைப் பார்த்தார்கள். ஊர் திரும்பி வெட்டினார்கள். மறு வருடமே மழை பொய்த்தது. குழி வெட்டிய வயல்கள் மட்டும் கதிர் தந்தன! அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மண்ணுக்குள் ஒரு காடு ஒளிந்திருந்தது, தெரியுமா?

நைஜரில் மரம் நட்டு நட்டுத் தோற்றுப்போனார் ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ. 1983-இல் ஒரு நாள், புதர் என்று நினைத்ததை உற்றுப் பார்த்தார். வெட்டுண்ட மரத்தின் துளிர் அது! வேர் உயிரோடுதான் இருந்தது. நல்ல துளிர்களை விட்டு மற்றவற்றைக் கழித்தால் போதும், மரம் தானே எழும். வயல் மரம் அரசுக்குச் சொந்தம் என்ற பழைய எண்ணம் தளர்ந்து, மரம் என்னுடையது என்று உழவர் நம்பியதும் அது பரவியது. சுமார் 50 லட்சம் ஹெக்டேர், ஏறத்தாழ 20 கோடி மரங்கள்! 2018-இல் 'ரைட் லைவ்லிஹுட்' விருது பெற்றவர்களில் யாக்கூபாவும் இருந்தார், டோனியும் இருந்தார்.

மழைக்காலத்தில் இலை உதிர்க்கும் மரம் உண்டு, தெரியுமா?

அந்த வயல்களின் செல்லப் பிள்ளை 'காவோ' மரம். நம் வேல மரத்தின் உறவு. பயிர் வளரும் மழைக்காலத்தில் இலையை உதிர்த்து வெயிலுக்கு வழிவிடுகிறது. உதிர்ந்த இலை உரமாகிறது. கோடையில் தழைத்து ஆடுமாடுகளுக்கு நிழலும் தீனியும் தருகிறது. உழவனிடம் கேட்டுக்கொண்டு படைத்ததுபோல!

கடைசியாக ஒன்று. நம் கம்பு எங்கே பிறந்தது, தெரியுமா?

அதே சாஹேலில்தான்! மாலி நாட்டின் தில்லெம்சி பள்ளத்தாக்கில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய பயிரிட்ட கம்பின் தடயம் கிடைத்திருக்கிறது. அங்கிருந்து கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, நம் மானாவாரிக் காட்டில் வேர் பிடித்தது. மோரும் சின்ன வெங்காயமுமாக நாம் குடிக்கிற கம்பங்கூழ், அந்த உழவர்களின் முன்னோர் நமக்கு அனுப்பிய சீதனம். இன்று அவர்கள் இன்னொன்றையும் அனுப்புகிறார்கள்: மழை விழுந்த இடத்திலேயே அதற்கு ஒரு சாண் இடம் கொடுங்கள் என்ற பாடம். தானியத்தை வாங்கிக்கொண்ட நாம் இதையும் வாங்கிக்கொள்வோம்!