தானியக்கமும் தொழிலாளர் அறிவும்: மீட்பு பற்றிய ஒரு நோக்கு

கைத்தொழில் உற்பத்தியிற் கணினி பெறும் இடம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் சிக்கனத்தையுமே எடுத்துக்காட்டுவர். அக்கணினி வலையமைப்புத் தாக்கப்பட்டுச் செயலிழக்கும்போது உற்பத்தி எவ்வாறு, எவரால் மீளத் தொடக்கிவைக்கப்படுகின்றது என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. இவ்வினாவுக்கு விடைகாண உக்ரேனிய அனுபவம் ஒன்றை நாம் முதலில் நோக்குவோம்.

2015 டிசம்பர் 23ஆம் திகதி அந்நாட்டின் மூன்று மின்விநியோக நிறுவனங்கள் தாக்குதலுக்குள்ளாயின. மின்னஞ்சல் வழியே பல மாதங்களுக்கு முன்னரே உட்புகுந்திருந்தோர், இயக்குநரின் கண்முன்னாலேயே உபமின்நிலையங்களின் சுற்றுடைப்பான்களைத் தொலைவிலிருந்து திறந்து மின்னோட்டத்தைத் துண்டித்தனர். ஏறத்தாழ 2,25,000 பாவனையாளர் மின்சாரம் இழந்தனர். தாக்கியோர் அத்துடன் அமையவில்லை. மீட்புப் பணியையும் முடக்க முனைந்தனர். கணினிகளின் தரவுகள் அழிக்கப்பட்டன. உபமின்நிலையங்களைக் கட்டுப்பாட்டறையோடு தொடர்புபடுத்தும் கருவிகளின் உள்மென்பொருள் சிதைக்கப்பட்டது. பாவனையாளர் முறையிடும் தொலைபேசி இணைப்புகள் பொய்யழைப்புகளால் நிரப்பப்பட்டன.

ஆயினும் சில மணித்தியாலங்களில் மின்சாரம் மீண்டது. கணினி சீர்பெற்றதனால் அன்று. தொழிலாளர் உபமின்நிலையங்களுக்கு நேரிற் சென்று சுற்றுடைப்பான்களைக் கையால் மூடியமையாலேயே மீண்டது. கட்டுப்பாட்டு வலையமைப்போ இரண்டு மாதங்களின் பின்னரும் முழுமையாகச் செயற்படவில்லை.

எனவே மீட்பு என்பது இருநிலைப்பட்டது. முதலாவது, உற்பத்தியைக் கைவழி இயக்கத்துக்குக் கொணர்தல். இரண்டாவது, வலையமைப்பை மீளக் கட்டுதல். பின்னையது பொறுமை வேண்டும் பணியாகும். பாதிப்புற்ற பகுதிகளைத் துண்டித்தல், வலையமைப்புக்குப் புறம்பாகப் பேணப்பட்ட தூய பிரதிகளிலிருந்து மென்பொருளை மீள நிறுவுதல், கட்டுப்படுத்திகளிலுள்ள கட்டளைகளை மூலப்பிரதியோடு ஒப்புநோக்குதல், பழுதுற்ற கருவிகளை மாற்றுதல், பின்னர் படிப்படியாக இணைத்தல் என்பன அதன் கட்டங்களாம். அலுவலகக் கணினியில் நேரும் தவறு ஆவணத்தைக் கெடுக்கும். இங்கு நேரும் தவறு இயந்திரத்தையும் மனித உயிரையும் அழிக்கக்கூடும். அவசரம் இவ்விடத்துப் பொருந்தாமைக்குக் காரணம் இதுவே.

2019 மார்ச்சில் நோர்வேயின் அலுமினிய நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோ தாக்கப்பட்டபோதும் இவ்வுண்மை புலனாயிற்று. தாக்கியோர் வேண்டிய பணத்தைக் கொடுக்க நிறுவனம் மறுத்தது. காகிதக் கட்டளைகளைக் கொண்டு ஆலைகள் கைவழி இயக்கப்பட்டன. பழைய முறைகளை அறிந்த ஓய்வுபெற்ற தொழிலாளரும் உதவிக்கு வந்தனர்.

இயந்திரத்தைக் கடந்தகால உழைப்பின் திரட்சியாக, இறந்த உழைப்பாக மார்க்ஸ் கண்டார். தானியக்கம் தொழிலாளியின் திறனை இயந்திரத்துள் மாற்றிவைத்து, ஆளணியைக் குறைக்கத் தூண்டுகின்றது. மூலதனம் இதனை இலாபமெனக் கணக்கிடுகின்றது. ஆனால் இறந்த உழைப்பு முடங்கிய வேளையில் உற்பத்தியைக் காத்தது உயிருள்ள உழைப்பே. கணினியை நிராகரிப்பது நமது கருத்தன்று. கையால் இயக்கக்கூடிய ஆளிகள், அச்சிட்ட வரைபடங்கள், இடையறாப் பயிற்சி, போதிய ஆளணி ஆகியன வீண்செலவுகளல்ல. உற்பத்தியின் இன்றியமையாப் பகுதிகள் என்பதே நமது துணிபு. அவற்றைச் சிக்கனத்தின் பெயரால் இழக்கும் சமூகம், மீளும் ஆற்றலையே இழந்துவிடும்.