கொசுறுக் குருவிக்கும் கணக்கு உண்டு

சிங்கப்பூரின் பூன் லே வட்டாரத்து மரங்களை அண்ணாந்து பார்த்தால், இலைகளை இழுத்துச் சேர்த்து ஒட்டிய பச்சைப் பொதிகள் கண்ணில் படும். முசுறு என்று நம்மவர்கள் சொல்லும் சிவப்பெறும்புகளின் கூடு அது. ஓர் எறும்பின் இடுப்பை இன்னோர் எறும்பு கவ்வ, சங்கிலியாக நீண்டு இரண்டு இலைகளின் ஓரங்களை நெருக்கிப் பிடிக்கின்றன. வேறு சில, தங்கள் இளம்புழுக்களை வாயில் ஏந்தி இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் மாற்றி மாற்றித் தொடவைக்கின்றன. புழு கக்கும் பட்டிழைதான் கூட்டுக்குத் தையல்.

மேஸ்திரி யாரும் அங்கே இல்லை.

அதிகாரி இல்லாமலே உழைக்கும் எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி சோம்பேறியை அனுப்புகிறது நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம். இன்றைய உயிரியலும் இதனோடு ஒத்துப்போகிறது. ராணி எறும்பு முட்டையிடுமே தவிர, யாரையும் ஏவுவதில்லை. வாசனையையும் தொடுதலையும் கொண்டே ஒவ்வொன்றும் தன் வேலையை அறிந்துகொள்கிறது.

எறும்பு கோடையில் தானியம் சேர்க்கும் என்று அதே அதிகாரம் சொல்வதை மட்டும் ஐரோப்பிய அறிஞர் பலர் வெகுகாலம் நம்பவில்லை. அவர்களுடைய குளிர்நாட்டு எறும்புகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்தச் சந்தேகம் தீர்ந்ததில் இந்தியாவுக்கும் பங்குண்டு. பூனாவில் சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி, மழையில் நனைந்த புல்விதைகளை எறும்புகள் வெளியே கொண்டுவந்து வெயிலில் உலர்த்துவதைக் கண்டு, 1830-களில் அதைப் பற்றி எழுதினார். தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்ட மருத்துவர் ஜெர்டனும் இதையே உறுதிசெய்தார். பிரான்சின் மத்தியதரைக் கடலோரத்தில் எறும்புகளின் தானியக் களஞ்சியங்களைத் தோண்டிப் பார்த்த மாக்ரிட்ஜ், 1873-இல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

நீதிமொழிகள் முப்பதாம் அதிகாரத்தில் ஆகூர் என்பவர் நான்கு சிற்றுயிர்களை ஞானமுள்ளவை என்கிறார். அவற்றின் குறையை அவர் மறைக்கவில்லை. எறும்புக்கு வலிமை இல்லை. ஆனால் முன்யோசனை உண்டு. குழிமுசல் எளிய பிராணி. அதனால் கன்மலையில் வீடு தேடுகிறது. வெட்டுக்கிளிக்கு ராஜா இல்லை; ஆனாலும் அணிவகுத்துப் போகிறது. பல்லியைக் கையாலே பிடித்துவிடலாம். அதுவோ அரண்மனையிலேயே குடியிருக்கிறது. (பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த இடத்தில் சிலந்தி வரும்.)

ஜூரோங், துவாஸ் பகுதிகளில் கப்பல் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் உழைத்து, ஞாயிறன்று பூன் லேயில் ரயிலேறித் தேக்காவுக்குப் போகும் தமிழ்த் தொழிலாளிக்கு இந்தப் பட்டியல் அந்நியமல்ல. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புவதும், ஓர் அறையில் பலர் ஒருவருக்கொருவர் துணையாக வாழ்வதும் அவருக்கு அன்றாடம். உழைப்பையும் சேமிப்பையும் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அவருக்கு வேண்டியது குருவியின் பாடம். மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள். லூக்காவிலோ இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வரவேண்டும், ஐந்தாவது கொசுறு. ஏழைகள் வாங்கித் தின்ற மலிவான இறைச்சி அது. விலையே இல்லாத அந்த ஐந்தாவதையும் கடவுள் மறப்பதில்லை என்று, கொலைக்கு அஞ்சவேண்டிய நிலையில் இருந்த சீடர்களுக்கு இயேசு தைரியம் சொன்னார். பெர்மிட் எண்ணும் சம்பளச் சீட்டும்தான் தன் மதிப்பு என்று சோர்ந்திருப்பவரிடம் தமிழ்ச் சபைகள் முதலில் எடுத்துச்செல்ல வேண்டியது இந்தச் செய்தியைத்தான். எறும்பைப் பற்றிய பிரசங்கம் அதற்குப் பிறகு வரட்டும்.