சுற்றுலாக் கட்டணமும் சம்பளத் திகதியும்

இலவசக் கல்வி பெற்ற தேசமென்று இலங்கையர் பெருமை கொள்வது நியாயமானதே. அன்றைய கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் பாடசாலைக் கட்டணம் நீங்கியது. 1980-இல் பாடநூல்களும், 1993-இல் சீருடைத் துணியும் அரசாங்கச் செலவில் பிள்ளைகளின் கைக்கு வந்தன. தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் நெடுங்காலம் விடப்பட்டிருந்த மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளோ, 1970-களின் பிற்பகுதியிலிருந்துதான் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு மாறி, இந்த அனுகூலங்களில் பங்கு கேட்கும் தகுதியைப் பெற்றன. இவ்வளவும் இலவசமான பிறகு, ஊவா மாகாணத்தின் பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் ஸ்பிரிங்வெலியிலும் உள்ள லயங்களுக்குப் பாடசாலையிலிருந்து ஏதேனும் ஒரு பெரிய செலவுக் கணக்கு வந்து சேருகிறதென்றால், அது அநேகமாகக் கல்விச் சுற்றுலா அறிவித்தலாகவே இருக்கும்.

அந்த அறிவித்தலில் கண்டுள்ள இடங்களைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள்: பேராதனைப் பூந்தோட்டம், கண்டித் தலதா மாளிகை, பின்னவலை யானைகள், தெஹிவளை மிருகக்காட்சிசாலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காலிமுகத்திடலின் கடல். ஊவா மாகாணம் கடற்கரையே இல்லாத மாகாணம் என்பதையும், பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர் என்பதையும் மனத்தில் கொண்டால், தரம் ஐந்தில் படிக்கும் பிள்ளையொன்று கடலைக் காண வேண்டுமென்று கொள்ளும் அபிலாஷையை ஆடம்பரமென்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். பாடப் புத்தகத்தில் துறைமுகம் வருகிறது. கலங்கரை விளக்கம் வருகிறது. பரீட்சையில் அவற்றைப் பற்றிய வினாவும் வருகிறது. கண்டவனும் காணாதவனும் ஒரே வினாவுக்கு விடை எழுதுகிறார்கள்.

இனி, வீட்டுப் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயமாயிற்று. 2026-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதனை 1,550 ஆக உயர்த்தி, வேலைக்கு வரும் நாளுக்கு மேலும் 200 ரூபாவை அரசாங்கமே ஊக்கத்தொகையாகச் சேர்த்துத் தரும் யோசனை முன்வைக்கப்பட்டது. அந்த யோசனைக்கு முந்திய 1,350 ரூபா வீதம் மாதத்தில் இருபத்தைந்து நாளும் முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம், கிடைத்தாலும் வரவு 33,750 ரூபாதான். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் 2,700 ரூபா கழியும். பின்னும் தொழிற்சங்கச் சந்தா, கோயில் பணம், சென்ற தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தின் தவணை என்று ஒவ்வொன்றாகப் பிடித்தம் போக, மிச்சமிருப்பதில் பெரும்பகுதி கடைக் கணக்குக்கு உரியது. நிர்ணயித்த கிலோ நிறையாத நாளுக்கு அரைப்பேர்தான் என்பதும், மாதத்தில் இருபத்தைந்து நாளும் வேலை கிடைக்கும் தோட்டங்கள் எல்லாம் அல்ல என்பதும் இக்கணக்கை இன்னும் சுருக்கிவிடும்.

ஆனால் தொகையின் பெருமை மட்டும் ஒரு பிள்ளையைச் சுற்றுலாவிலிருந்து நிறுத்திவிடுவதில்லை என்பதே கூர்ந்து பார்ப்போர்க்குப் புலப்படும் உண்மை. கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் இதனினும் பன்மடங்கு பணத்தைத் திரட்டிக் கொடுக்கும் அதே குடும்பம், இரண்டாயிரம் ரூபாச் சுற்றுலாக் கட்டணத்துக்குத் திகைத்து நிற்பதன் காரணம், அந்த இரண்டாயிரம் கேட்கப்படும் தினமே. தோட்டத்தில் சம்பளம் பத்தாந் திகதி. பாடசாலை கேட்பதோ பெரும்பாலும் மாசக் கடைசியில், ஒரு வார அவகாசத்தில். “அம்மா, வெள்ளிக்கெழமைக்குள்ள கட்டணுமாம், டீச்சர் சொன்னாங்க” என்று பிள்ளை வந்து நிற்கும்போது, கையில் இருப்பது அடுத்த சம்பளம் வரை அரிசிக்கும் மாவுக்கும் வைத்திருக்கும் பணம்.

பருவத்தின் விளையாட்டும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. மழை ஓய்ந்த ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள் மலைவீதிப் பிரயாணத்துக்கு உகந்தவையென்று ஆசிரியர்கள் கருதுவது இயல்பு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் தன் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாப் பக்கம் இறங்கும் காலம் அது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் தேடித் தந்த விசேஷ மணம் உண்டாவதும் அக்காலத்தில்தான். மணம் மிகுந்தாலும், வறட்சியில் கொழுந்து துளிர்ப்பது குறைந்துபோவதால், பறிப்பவளின் கூடை நிறைவதில்லை. மேலதிகக் கிலோவுக்குக் கிடைக்கும் காசும் வற்றிவிடுகிறது. தேயிலை அதிக விலைக்குப் போகும் மாதத்தில் பறிப்பவள் கையில் குறைவாகப் பணம் புழங்குவதும், அதே மாதத்தில் சுற்றுலா அறிவித்தல் வந்து சேருவதும் எவரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் அதன் பலனை அனுபவிப்பவர் யாரென்பது தெளிவு.

இந்நிலையில் குடும்பங்கள் கையாளும் உபாயங்கள் யாவும் காலத்தை நீட்டிக்கொள்ளும் உபாயங்களாகவே இருப்பதில் வியப்பில்லை. லயத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போடும் சீட்டில், தன் முறையைச் சுற்றுலா மாதத்துக்கு மாற்றிக்கொள்ளும்படி தாய் கேட்டுக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் வாய்ப்பு இருந்தால், அந்தக் காசு உண்டியலுக்குப் போகும். வீட்டோரத்துத் துண்டு நிலத்தில் விளைந்த பீன்ஸும் லீக்ஸும், கறவைப் பசுவின் பாலும், கோழி முட்டையும் சிறுகச் சிறுகக் கட்டணமாக மாறும். கொழும்பில் கடை வேலை செய்யும் மூத்த மகனிடமிருந்தோ, ஆடைத் தொழிற்சாலையில் இருக்கும் மகளிடமிருந்தோ, வெளிநாட்டில் வீட்டுப்பணி செய்யும் சித்தியிடமிருந்தோ ஒரு தொகை வரும். இவையொன்றும் கைகொடாதபோது ஒரு சோடித் தோடு அடகுக்குப் போகும். கட்டணத்துடன் வட்டியும் அப்போது சுற்றுலாவின் செலவாகிவிடுகிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் முறை வைப்பதும் உண்டு: இவ்வருஷம் அக்கா போனால், அடுத்த வருஷம் தம்பி.

அறிவித்தலில் எழுதப்படாத செலவுகளையும் சேர்க்காமல் கணக்கு முற்றுப்பெறாது. பஸ் அதிகாலை மூன்று மணிக்குப் புறப்படுமென்றால், பாடசாலையிலிருந்து தூரத்து டிவிஷனில் வசிக்கும் பிள்ளையைக் கொண்டுவந்து விட ஓட்டோக் கூலி வேண்டும். நள்ளிரவில் திரும்பும்போதும் அவ்வாறே. சப்பாத்து கிழிந்திருந்தால் புதியது வாங்க வேண்டும். பிள்ளை கையில் கொஞ்சம் செலவுக் காசு கொடுக்காமல் அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. சாப்பாட்டில் மட்டுமே சிக்கனத்துக்கு இடமுண்டு: புளிச்சோறும், ரொட்டியும் சம்பலும் பார்சலாகக் கட்டிக் கொடுத்து, ஹோட்டல் செலவை அநேகம் பேர் தவிர்த்துக்கொள்கிறார்கள். வழியனுப்பிவிட்டு வரும் தாய் அன்று பிரட்டு எனும் காலை ஆளெடுப்புக்கு நேரத்துடன் போய்ச் சேராவிட்டால், ஒரு நாட்பேரும் போயிற்று.

பாடசாலையின் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, பஸ் வாடகையும் இதர செலவும் சேர்த்து 90,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து பிள்ளைகள் போனால் தலைக்கு 2,000 ரூபா. பதினைந்து பேர் விலகினால், மிகுந்த முப்பது பேரும் ஆளுக்கு 3,000 கொடுக்க வேண்டும்; அப்போது இரண்டாயிரத்தைச் சிரமப்பட்டுத் திரட்டி வைத்திருந்த இன்னும் சிலர் விலகுவார்கள். 2021 ஜூனில் லீற்றர் 111 ரூபாவாயிருந்த டீசல் 2022 ஜூன் முடிவில் 460 ரூபாவுக்கு ஏறிய நெருக்கடிக் காலத்தில் தேசம் முழுவதும் கண்டது இந்த ஏற்றத்தின் உச்சத்தைத்தான். ஆனால் டீசல் விலை அசையாத வருஷத்திலும், பெயர் கொடுத்தவர் குறையக் குறையக் கட்டணம் ஏறும் இந்த வகுத்தற்கணக்கு தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். விலகிய பிள்ளைகளில் பலர் காரணம் சொல்வதில்லை. வீட்டு நிலைமையைத் தானே கணக்கிட்டு, அறிவித்தலைத் தாயிடம் காட்டாமலே விட்டுவிடும் பிள்ளையும் உண்டு. அதற்குச் சுற்றுலாவில் நாட்டமில்லையென்று பாடசாலை தவறாக எண்ணிக்கொள்ளும்.

பிற தேசங்கள் இதற்குக் கண்ட பரிகாரங்கள் கவனிக்கத்தக்கவை. 1886-இல் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் மாணவர்கள் சிபாப் பகுதிக்கு மேற்கொண்ட நீண்ட நடைப்பயணத்திலிருந்து வளர்ந்ததென்று கருதப்படும் ஜப்பானியப் பாடசாலைச் சுற்றுலாவுக்கு, பெற்றோரிடம் மாதந்தோறும் சிறு தொகை சேமிப்பாக வாங்கி வைப்பது அங்கே வழக்கம். வறிய குடும்பங்களுக்கு உள்ளூராட்சி உதவியும் உண்டு. இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி, பாடசாலை நேரத்தில் நடக்கும் சுற்றுலாவுக்கு அரசாங்கப் பாடசாலை கட்டாயக் கட்டணம் கேட்கலாகாது. பெற்றோர் மனமுவந்து கொடுப்பதை வாங்கலாமேயொழிய, கொடாதவரின் பிள்ளையை விட்டுச் செல்லலாகாது. முன்னது காலத்தைப் பங்கிடுகிறது. பின்னது மானத்தைக் காக்கிறது.

இவ்விரண்டையும் பதுளையில் செய்வதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. ஜனவரியிலேயே இடத்தையும் உத்தேசச் செலவையும் அறிவித்து, ஒவ்வொரு பத்தாந் திகதியை அடுத்த வாரத்திலும் இருநூறு ரூபா வீதம் வாங்கினால், அதே இரண்டாயிரம் பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். சுற்றுலாவை நவம்பருக்குத் தள்ளினால் மழையைப் பார்க்க வேண்டும், ஆகவே முன்வருஷத்துக் கடைசியிலேயே சேமிப்பைத் தொடங்குவது உத்தமம். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவரும் ஏற்கும் குறையை, எந்தப் பிள்ளைக்கென்று பெயர் சொல்லாமல் பஸ் வாடகையிலேயே கழித்துவிட வேண்டும்.

இடத்தைத் தேர்வதிலும் யோசனை வேண்டும். 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்தை, நிலையத்தின் அடியிலேயே பாதை புகுந்து செல்லும் தெமோதரை ரயில் வளைவு, 1921-இல் உருக்கின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்த ஒன்பது வளைவுப் பாலம், 1890-இல் லிப்டன் அமைத்த டம்பத்தென்னைத் தொழிற்சாலை ஆகிய யாவும் அரைநாட் செலவில் அமையும் பாடங்கள். கடலைக் காட்டத்தான் வேண்டுமென்றால், வெல்லவாய வழியே ஊவாவைச் சேர்ந்த கதிர்காமத்தை வணங்கிவிட்டு, சற்றே அப்பாலுள்ள கிரிந்தைக் கரைக்குப் போகலாம். கொழும்பு வீதிப் பயணத்தின் ஏறத்தாழப் பாதித் தூரம்தான். சிக்கனம் செய்யக்கூடாத ஒரே விஷயம் வாகனம். 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலாப் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டதை இம்மாகாணம் மறந்திருக்க முடியாது. குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறதென்று தேய்ந்த சக்கரமும் தூக்கமிழந்த சாரதியுமாக வரும் பஸ்ஸை அமர்த்துவதைவிட, தூரத்தைக் குறைத்து நல்ல பஸ்ஸில் போவதே மேல்.

பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அனுப்பத் தோட்டத்துக் குடும்பம் தன்னாலான அத்தனையும் செய்துகொண்டுதான் இருக்கிறது. சீட்டின் முறையை மாற்றுவது தாயின் வேலை; கட்டணத் திகதியை மாற்றுவது அதிபரின் வேலை. இரண்டாவதற்குப் பணமொன்றும் செலவாவதில்லை.