உங்களுக்குத் தெரியுமா? மாயன் ஊரில் கல்லும் கிணறும்

மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையில், கட்டைவிரலைப் போலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது யூகட்டான் தீபகற்பம். கான்கூனிலோ மெரிடாவிலோ தங்கினால், ஒருநாள் சுற்றுலாவுக்குக் கூப்பிடாத ஆளைப் பார்ப்பதே அபூர்வம். காலையில் மாயன் காலத்துக் கோயில் நகரம், மதியம் பஃபே சாப்பாடு, பிறகு 'செனோட்டே' என்ற இயற்கைக் கிணற்றில் குளியல், இருட்டியதும் விடுதி. வரலாறு தனி, குளியல் தனி என்று நோட்டீசில் பிரித்துப் போட்டிருப்பார்கள். அப்படிப் பிரிக்கவே முடியாது. கிணறு இல்லையென்றால் அந்த நகரங்களே இல்லை.

★

யூகட்டானின் வடபாதியில் தரைமேல் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. நிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையெல்லாம் பாறை இடுக்கில் இறங்கி, அதைக் கரைத்துக் குகையாக்கி, அடியிலேயே ஓடுகிறது. குகையின் கூரை ஒருநாள் இடிந்து விழுந்தால் மேலே ஒரு வாய் திறக்கும். அதுதான் செனோட்டே. இப்படி ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. சில செனோட்டேகள் வெட்டவெளிக் குளம் மாதிரி இருக்கும். சிலவற்றில் கூரையில் ஓர் ஓட்டை மட்டும் இருக்கும், அதன் வழியே நடுப்பகலில் ஒரு வெயில் தூண் தண்ணீரில் இறங்கும். வய்யதோலித் ஊரருகே உள்ள சுய்தூன் அப்படிப்பட்டது. அங்கே குளிப்பவர்களைவிடப் படமெடுக்க வரிசையில் நிற்பவர்கள் அதிகம்.

★

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் கதையை முடித்த விண்கல் விழுந்தது இந்த யூகட்டானின் வடகரையில்தான். சிக்சுலூப் என்ற ஊரை மையமாகக் கொண்ட அந்தப் பள்ளத்தின் விட்டம் சுமார் 180 கிலோமீட்டர். மேலே படிந்த சுண்ணாம்புப் பாறை பள்ளத்தை மூடிவிட்டதால் இப்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் வரைபடத்தில் செனோட்டேகளைப் புள்ளி வைத்துப் பார்த்தால், பள்ளத்தின் விளிம்பை ஒட்டி அவை அரைவட்டமாக அணிவகுக்கின்றன.

எல்லாச் செனோட்டேயும் விண்கல் தந்ததே என்று சுற்றுலா வேனில் யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். துலும் பக்கத்துக் கரையோரக் குகைகள் வேறு வகை. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் சுண்ணாம்புக்கல் வேகமாகக் கரையும். அப்படி உருவானவை அவை. பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கியபோது அவை உலர்ந்து கிடந்தன. இன்று நீருக்கடியில் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள் அந்தக் காலத்தில் சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை.

★

கான்கூனில் காலை மணி 9 என்றால் மாயன் கோயில் நகரமான சிச்சென் இட்சாவில் 8தான்! கான்கூன் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015இல் தன் கடிகாரத்தைத் தனியாக மாற்றிக்கொண்டது. சிச்சென் இட்சா பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. பயணம் இரண்டரை மணி நேரம். ஆறு மணிக்குக் கிளம்பினால் அங்கே கதவு திறக்கும் எட்டு மணிக்கு முன்பே போய் நிற்கலாம். பெரிய பேருந்துகள் வந்து கொட்டுவதற்குள் பார்த்துவிடலாம். மரநிழல் குறைந்த மைதானம் அது, பதினொரு மணிக்கு மேல் கல்லே கொதிக்கும். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் போய்விடும் என்பதால், இரவு விமானம் உள்ளவர்கள் கணக்கைச் சரியாகப் போடவும்.

★

சிச்சென் இட்சாவின் குகுல்கான் பிரமிடில் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள். உச்சித் தளத்தையும் சேர்த்தால் 365. இது எல்லா வழிகாட்டிகளும் சொல்வது. வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் சுவாரசியம். 1930களில் தோண்டியபோது உள்ளே இன்னொரு பிரமிடு கிடைத்தது. அதன் அறையில், சிவப்பு வண்ணம் பூசி, பச்சைக் கல்லைக் கண்ணாகப் பதித்த சிறுத்தை வடிவ ஆசனம். 2016இல் அதற்குள்ளும் மூன்றாவதாக ஒன்று இருப்பதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, பூமிக்குள் மின்சாரம் செலுத்திப் பார்த்த ஆய்வாளர்கள் பிரமிடுக்கு நேர் கீழே ஒரு செனோட்டே இருப்பதைக் கண்டறிந்தார்கள். ஆக, கோயிலே கிணற்றின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

மேலே ஏற இப்போது அனுமதி இல்லை. 2006இல் ஒரு மூதாட்டி படியிலிருந்து விழுந்து இறந்த பிறகு தடுத்துவிட்டார்கள்.

★

மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாளில், மாலை வெயில் அதே பிரமிடின் வடக்குப் படிச்சுவரில் முக்கோணம் முக்கோணமாக விழும். அடியில் கல்லில் செதுக்கிய பாம்புத் தலை. வெயில் நகர நகரப் பாம்பு இறங்குவது போலிருக்கும். அன்று கூட்டம் ஆயிரக்கணக்கில் கூடும். முன்பின் சில நாட்களிலும் ஏறத்தாழ இதே காட்சிதான். கூட்டம் பிடிக்காதவர்கள் அப்போது போகலாம்.

★

பிரமிடின் எதிரே நின்று ஒருமுறை கைதட்டுங்கள். திரும்பி வருவது கைதட்டல் ஓசையாக இருக்காது. "கீ…யூ" என்று மேலிருந்து கீழே வழுக்கும் பறவைக் குரல். ஒவ்வொரு படியும் ஓசையைச் சற்றே தாமதமாகத் திருப்பி அனுப்புவதால் வரும் விளைவு இது. டேவிட் லுப்மன் என்ற ஒலியியலாளர் 1998இல், இது மாயன்கள் புனிதமாகக் கருதிய கெட்சால் பறவையின் குரலே என்றார். கெட்சால் யூகட்டானில் வாழ்வதில்லை; தெற்கே மேகம் தவழும் மலைக்காடுகளில் வாழ்வது, அதன் பச்சை இறகுதான் வணிகத்தில் வந்தது. கட்டியவர்கள் திட்டமிட்டே இதைச் செய்தார்களா? செங்குத்தான கற்படி வரிசை எதன் முன்னும் இதுபோன்ற ஓசை எழும் என்பதால் எனக்குச் சந்தேகம்தான். அதற்காகக் கைதட்டாமல் வரவேண்டியதில்லை.

அங்கேயே காட்டுக்குள்ளிருந்து சிறுத்தை உறுமினால் பயப்பட வேண்டாம். கடைபோட்டிருப்பவர்கள் விற்கும் ஊதுகுழல் அது. பேரம் பேசலாம்.

★

சிச்சென் இட்சாவுக்குள் இரண்டு பெரிய செனோட்டேகள். ஷ்டோலோக் குடிநீருக்கு. வடக்கே சுமார் 60 மீட்டர் அகலத்தில் வாய்பிளந்து கிடக்கும் புனிதச் செனோட்டே பலிக்கு. இரண்டிலும் குளிக்க முடியாது.

எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கத் தூதரக அதிகாரி, இந்த இடிபாடுகள் அடங்கிய பண்ணையையே 1894இல் விலைக்கு வாங்கினார். 1904 முதல் தூர்வாரும் கருவி வைத்துப் புனிதக் கிணற்றை அள்ளினார். தங்கத் தகடு, பச்சைக்கல், சாம்பிராணி போன்ற கோபால் பிசின் உருண்டைகள், மனித எலும்புகள். பலவும் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு பகுதி மட்டும் பின்னாளில் மெக்சிகோவுக்குத் திரும்பியது.

கன்னிப்பெண்களைக் கிணற்றில் தள்ளினார்கள் என்ற கதை இன்றும் வேனுக்கு வேன் ஓடுகிறது. எடுத்த எலும்புகளில் ஆண்களும் உண்டு, சிறுவர்களும் உண்டு. கிணற்றருகே ஒரு நிலத்தடித் தொட்டியில் கிடைத்த 64 பேரின் மரபணுவை ஆராய்ந்து 2024இல் முடிவு வெளியிட்டார்கள். அத்தனை பேரும் ஆண் குழந்தைகள். அதில் இரண்டு இரட்டையர் ஜோடிகள்.

★

புனிதக் கிணற்றின் அடியில் நான்கு மீட்டருக்கும் மேல் நீலச் சேறு படிந்திருந்தது. பலிப்பொருள்கள்மீது பூசிய நீலம் நீரில் உதிர்ந்து சேர்ந்தது. வெயிலுக்கும் மழைக்கும் வெளுக்காத 'மாயன் நீலம்' இது. ஒருவகைக் களிமண்ணையும் இலையிலிருந்து எடுத்த சாயத்தையும் சேர்த்துச் சூடேற்றினால் கிடைக்கும். அந்த இலை, நம்மூரில் துணிக்கு நீலம் எடுத்த அவுரியின் நெருங்கிய சொந்தம்.

★

நீந்தும் செனோட்டேகளில் பெயர்பெற்றது இக் கில். சிச்சென் இட்சாவிலிருந்து சில கிலோமீட்டர்தான். தரைமட்டத்திலிருந்து 26 மீட்டர் கீழே தண்ணீர். பாறையில் குடைந்த படி வழியாக இறங்க வேண்டும். மேலே விளிம்பில் நிற்கும் மரங்களின் வேர்கள் அவ்வளவு தூரமும் கயிறாகத் தொங்கி நீரைத் தொடுகின்றன. ஆழம் 40 மீட்டருக்கும் மேல். காலூன்ற இடமே இல்லை. லைஃப் ஜாக்கெட்டைக் கௌரவம் பார்க்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆண்டு முழுவதும் 24, 25 டிகிரி செல்சியஸ். வெயிலில் வெந்து வந்தவருக்கு முதல் முழுக்கு நடுக்கும்.

இறங்குமுன் ஷவரில் குளிக்கச் சொல்வார்கள். சன்ஸ்கிரீன், கொசு எண்ணெய் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. காரணம் சுத்தபத்தம் மட்டுமல்ல. நிலத்தடியில் எல்லாம் ஒரே நீர். நீங்கள் குளிக்கும் தண்ணீர்தான் வேறோர் இடத்தில் ஆழ்துளைக் குழாய் வழியே குடிநீராக ஏறுகிறது.

★

துலும் பக்கத்துச் செனோட்டேகளில் முக்குளிப்பவர்கள், திடீரென்று கண் மங்கியது போல உணர்வார்கள். கண்ணில் கோளாறு இல்லை. மேலே மிதக்கும் நன்னீரும் கீழே கனத்துக் கிடக்கும் உப்புநீரும் சந்திக்கும் அடுக்கில், வெளிச்சம் கலங்கலாக வளைகிறது. ஒரு மீட்டர் கீழே போனால் மறுபடி பளிங்கு.

அந்தக் குகை இருட்டில் கண்ணில்லா மீன்கள் உண்டு. விஷமுள்ள ஓட்டுடலி ஒன்றும் உண்டு. அந்த இனத்திலேயே விஷமுள்ளதாக முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது அதுதான், 2013இல். 'கருங்குழி' என்று பெயரிடப்பட்ட ஓர் ஆழத்தில், 2007இல் முக்குளிப்பாளர்கள் ஒரு பதின்வயதுப் பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். 12,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. குகை உலர்ந்திருந்த காலத்தில் உள்ளே வந்து, குழியில் விழுந்திருக்கிறாள்.

★

'தோ' என்று ஒரு பறவை. நீலப்பச்சை நிறம், வாலின் நுனியில் இரண்டு சின்ன மட்டைகள். செனோட்டேயின் சுவர்ப் பொந்தில் கூடு கட்டும். காட்டுக்குள் இது தென்பட்டால் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் கண்டுகொள்வார்கள்.

★

கோபா என்ற மாயன் நகரில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். காட்டுக்குள் ஓடும் மாயன் காலத்து வெள்ளைச் சாலைகளில் ஓட்டிக்கொண்டே இடிபாடுகளைப் பார்க்கலாம். கல் பரப்பிச் சுண்ணாம்பு பூசிய அந்தச் சாலைகளில் ஒன்று, மேற்கே யாஷுனா வரை சுமார் 100 கிலோமீட்டர் போனது. இதில் வேடிக்கை, மாயன்களிடம் வண்டி கிடையாது, இழுக்க மாடோ குதிரையோ கிடையாது. எல்லாச் சுமையும் மனித முதுகில்தான் போனது.

★

உஷ்மால் நகரின் சுவரெங்கும் யானைத் துதிக்கை போல நீண்ட மூக்குள்ள முகங்கள். மழைக் கடவுள் சாக். இங்கே அவருக்கு இத்தனை முகம் ஏன்? இந்த மேட்டுப் பக்கத்தில் செனோட்டே கிடையாது. வானத்தையே நம்பி, தரையில் தொட்டி குடைந்து மழைநீரைச் சேர்த்துக் குடித்த ஊர். கிணறு இல்லையென்றால் நகரமில்லை என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு. அந்த விலக்குக்கும் தண்ணீர்க் கவலைதான் காரணம்.

★

மதியச் சாப்பாட்டில் 'கொச்சினீட்டா பிபில்' கிடைத்தால் தவறவிடாதீர்கள். (சைவர்கள் அடுத்த துணுக்குக்குத் தாவலாம்.) பன்றி இறைச்சியைக் குரங்கு மஞ்சள் விதைச் சாந்திலும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறவைத்து, வாழையிலையில் சுற்றி, மண்ணுக்குள் சூடேற்றிய குழியில் புதைத்து மெல்ல வேகவைப்பது. உணவகங்கள் பலவற்றில் அடுப்புதான். குழியில் வெந்ததில் புகை மணம் தனி. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் ஹபனேரோ மிளகாய் வரும். காரம் தின்று வளர்ந்த தமிழ் நாக்கு என்ற தைரியத்தில் அதை அள்ள வேண்டாம்.

★

நம்ம சப்போட்டாவுக்குப் பூர்வீகம் இந்தக் காடுதான். அதன் மரம் இரும்பு மாதிரி. குவாத்தமாலாவின் திக்கால் கோயில்களில் சப்போட்டா மரத்தில் செதுக்கிய நிலைவிட்டங்கள் ஆயிரம் ஆண்டைத் தாண்டி நின்றன. மரப்பாலைக் காய்ச்சினால் 'சிக்கிள்'. சூயிங்கம்மின் மூலப்பொருள் வெகுகாலம் அதுவே. காட்டில் அந்தப் பால் எடுக்க அலைந்தவர்கள்தான், புதைந்து கிடந்த பல நகரங்களுக்கு ஆய்வாளர்களை அழைத்துப் போனார்கள்.

★

1562இல் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயன் ஏடுகளைக் கொளுத்தினார். இன்று உலகில் மிஞ்சியவை நான்கே நான்கு. அந்த எழுத்தைப் படிக்கும் வழியை 1952இல் காட்டியவர் யூரி க்னோரோசோவ், லெனின்கிராடில் உட்கார்ந்துகொண்டு. மாயன் மண்ணை அவர் கண்ணால் பார்த்தது ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்துத்தான். அவருக்குத் தடயம் தந்தது லாந்தாவே எழுதிவைத்த எழுத்துக் குறிப்பு. அதே க்னோரோசோவ் 1960களில் ஒரு சோவியத் குழுவோடு கணினி வைத்துச் சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்து, அதன் மொழி திராவிடக் குடும்பத்துக்கு நெருக்கம் என்றும் சொன்னார்.

★

பெலீஸ் நாட்டுக்குப் போனால், அங்கே ஒரு குகைக்கும் ஒருநாள் பயணம் உண்டு. ஆக்துன் துனிச்சில் முக்நால். நீந்தி உள்ளே போய், ஓரிடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்க வேண்டும். வழியில் மாயன் பானைகளும் மண்டையோடுகளும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. 2012இல் ஒரு பயணி கேமராவை நழுவவிட்டு மண்டையோடு ஒன்றில் ஓட்டை போட்டார். அன்றிலிருந்து உள்ளே கேமராவுக்குத் தடை.

★

விண்கல் பள்ளத்தின் விளிம்பை ஒட்டிய செனோட்டே வளையத்தின்மேல் அமைந்த ஊர் ஓமுன். சின்ன ஊர், ஏராளமான செனோட்டே, ஊர்க்காரர்களே நடத்தும் குளியல் சுற்றுலா. இங்கே 49,000 பன்றிகள் வளர்க்கும் பண்ணை ஒன்று வந்தது. கழிவு பாறையில் இறங்கினால் கிணறுகள் என்னாகும் என்று ஊர் எழுந்தது. ஊர்ச் சிறுவர்களின் பெயரில் வழக்குப் போட்டார்கள். 2018இல் நீதிமன்றம் பண்ணையை நிறுத்திவைத்தது. 2021இல் மெக்சிகோ உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதிசெய்தது. மெரிடாவிலிருந்து காலையில் கிளம்பினால் ஓமுனில் மூன்று நான்கு கிணறுகளில் குளித்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். கூட்டிப்போகும் மூன்று சக்கர வண்டிக்காரர் உள்ளூர்க்காரராகத்தான் இருப்பார்.