வீட்டுக் கொவிட் சோதனை இன்னும் தேவையா?

திரியாயில் ஒருவருக்குக் காய்ச்சல் முற்றினால் திருகோணமலைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சுமார் 45 கிலோமீற்றர் போகவேண்டும். வீட்டிலேயே 15 நிமிடத்தில் விடை சொல்லும் அன்டிஜன் பட்டை இப்படியான ஊருக்கு உதவுமா?

மூக்குச் சளியைக் கரைசலில் கலந்து சில துளிகளைப் பட்டையில் விட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரம் தானாக ஊர்ந்து போகும். வழியில் நுண்ணிய தங்கத் துகள்களில் ஒட்டிய பிறபொருளெதிரிகள் இருக்கும். சளியில் வைரசின் என்-புரதம் இருந்தால் அவை பற்றிக்கொள்ளும். 'ரி' என்ற இடத்தில் பதித்துள்ள வேறு பிறபொருளெதிரிகள் அந்தப் புரதத்தை மறித்துப் பிடிக்க, துகள்கள் குவிந்து சிவப்புக் கோடாகும். குறித்த நேரத்துக்குள் கோடு மங்கலாகத் தெரிந்தாலும் தொற்று என்றே கொள்ளவேண்டும். 'சி' கோடு ஈரம் சரியாக ஓடியதற்குச் சாட்சி. அது வராவிட்டால் சோதனை செல்லாது. பெரும்பாலான பட்டைகளை 30 பாகை செல்சியசுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஆடி வெயிலில் தகரக் கூரையின் கீழ் கிடந்த பட்டையை நம்பாதீர்கள்.

ஆய்வுகூடத்தில் செய்யும் பிசிஆர் சோதனை வைரசின் மரபுப்பொருளைப் பலமடங்கு பெருக்கிப் பார்க்கும். பட்டை அப்படிச் செய்வதில்லை. சளியில் வைரஸ் நிறைய இருந்தால்தான் கோடு விழும். இன்று பெரும்பாலானோருக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருப்பதால், வைரஸ் பெருகி முடியுமுன்பே தொண்டை நோகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே முதல்நாள் கோடு விழாவிட்டால், 48 மணித்தியாலம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி கொவிட் அவசரநிலையை முடித்துக்கொண்டது. திடகாத்திரமான இளைஞருக்கு இன்று பட்டையின் விடையால் பெரிதாக எதுவும் மாறாது. ஓய்வும் முகக்கவசமும் எப்படியும் வேண்டும். முதியவர், நீரிழிவுக்காரர், சிறுநீரக நோயாளி, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் இருக்கும் வீட்டில் நிலைமை வேறு. பக்ஸ்லோவிட் போன்ற கொவிட் மருந்தை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பிக்கவேண்டும். அம்மம்மாவிடம் பேரப்பிள்ளைகளை அனுப்புவதா என்பதும் அந்த விடையைப் பொறுத்தது.

எனக்குக் கூடுதல் கவலை மாரிகாலத்தைப் பற்றியது. கிழக்கில் மழையோடு டெங்கு வருகிறது. பெரும்போக வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் வருகிறது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பலரின் உயிரைப் பறித்தது எலிக்காய்ச்சல்தான். கொவிட், டெங்கு, எலிக்காய்ச்சல் மூன்றுக்கும் தொடக்கம் காய்ச்சலும் உடல்வலியுமே. கொவிட் கோடு விழுந்தாலும் விழாவிட்டாலும் மற்ற இரண்டும் இல்லை என்று ஆகாது.

ஆகவே, நோயாளியோ முதியவரோ உள்ள வீட்டில் காலாவதியாகாத இரண்டு பட்டைகள் இருக்கட்டும். மற்றவர்கள் அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. காய்ச்சல் மூன்றாம் நாளும் நீடித்தால் பட்டையைப் பார்த்துக்கொண்டிராமல் அரச ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சோதியுங்கள். அங்கே அது இலவசம். வயலில் இறங்கியவர் அதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும். அதுவரை அளவோடு பனடோல் மட்டும் போதும். அஸ்பிரினும் இபுபுரோஃபெனும் டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும், அவற்றைத் தொடவேண்டாம்.