மின்சாரம் கடத்தாத நாரில் மின்பாதை

செம்பனை ஆலையில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் வெற்றுக் குலையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குலையின் நாரில்தான் என் இறுதியாண்டு ஆய்வு நடக்கிறது.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதான் இடைநிலைப் பள்ளியில் படித்தோம். 1977-இல் ஷிராகாவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலினில் அயோடினைச் சேர்த்து அதைக் கடத்த வைத்தார்கள். 2000-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். நான் பயன்படுத்தும் பாலிஅனிலினும் அந்த வகைதான். அமிலம் சேர்ந்தால் பச்சையாகி மின்சாரத்தைக் கடத்தும். ஆனால், தனியாக அது நொறுங்கும் தூள். வளையும் உணர்கருவிக்கு உதவாது.

அதற்குத்தான் நார். குலையிலிருந்து பிரித்த செல்லுலோஸை நானோ அளவுக்கு மெலிதாக்கி, நீரில் கலக்கி, அதிலேயே அனிலினைப் பாலிமராக்குகிறோம். செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் பாலிஅனிலினைப் பற்றிக்கொள்ள, ஒவ்வொரு நாரும் பச்சை உறை போர்த்திக்கொள்கிறது. நார்கள் பின்னிக் கிடப்பதால் உறைகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. மின்சாரம் அவ்வழியே ஓடுகிறது. செல்லுலோஸ் மட்டும் என்றால் துளியும் கடத்தாது என்பதுதான் வேடிக்கை. நாரின் அளவைக் கூட்டினால் தாள் உறுதியாகும். அளவு மீறினால் உறை மெலிந்து, பாதை அறுந்து, மின்தடை எகிறும்.

நம் நாட்டு ஈரக்காற்று இன்னொரு தலைவலி. செல்லுலோஸ் நீரை உறிஞ்சி உப்பினால் மின்தடை மாறிவிடும். ஈரப்பதத்தை அளக்கும் கருவி செய்பவர்களுக்கு அதுவே வசதி!

‘தாவரத்திலிருந்து வந்தது, மட்கிவிடும்’ என்று கண்காட்சிகளில் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. செல்லுலோஸ் மட்கும், பாலிஅனிலின் எளிதில் மட்காது. கழுவி வெளியேற்றும் அமில நீருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். இப்போது அந்த அமிலத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக, காகிதக்கூழ் ஆலைகளின் உபபொருளான லிக்னோசல்ஃபோனேட்டைச் சேர்த்துப் பார்க்கிறோம்.