ஏ57: ஒரே எண், இரண்டு கப்பல்

அத்தை வீட்டுப் பரணிலிருந்து இறக்கியபோது அந்தக் கப்பலுக்கு மேல்தளம் கிடையாது. கொடிமரம், கிரேன், மாலுமி அறைகள் எதுவும் இல்லை. பழைய வேட்டியில் சுற்றிவைத்திருந்த அடிப்பகுதி மட்டும்தான். பலகைகளை அடுக்கி ஒட்டி, இழைப்புளி போட்டு வடித்த மர உடல். ஒரு பக்கம் கரையான் அரித்து விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். அணியத்துக்குச் சற்றுப் பின்னால், மங்கிய வெள்ளை எழுத்தில் ‘ஏ57’.

“ஏய்யா, அவுக கையால செஞ்சதுன்னு இது ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு. எப்பிடியாச்சும் சரி பண்ணிக் குடுத்திரு” என்றார் அத்தை.

சங்கரன்கோவிலில் கடல் இல்லை. தறிச் சத்தமும் பூ மார்க்கெட்டும் ஆடித்தபசுக் கூட்டமும்தான் எங்கள் ஊர். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். இப்படிப்பட்ட கரிசல் காட்டிலிருந்து 1970களில் கடற்படைக்குப் போனவர் மாமா. அவருக்குக் கடிதம் எழுதினால், பெயர், அதன் கீழே கப்பலின் பெயர், அதற்கும் கீழே ‘ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய்’. அன்று கப்பல் எந்தக் கடலில் நிற்கிறது என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. பதில் வரும்வரை அத்தை தபால்காரர் வரும் நேரத்துக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். விடுமுறைக்கு வருகிறவர் மீட்டர் கேஜ் ரயிலில் கரி படிந்த சட்டையோடு இறங்குவார். இன்று அகல ரயில் பாதையில் பொதிகை எக்ஸ்பிரஸ் வருகிறது. தெருக்கோடி வீட்டிலிருந்து கடற்படைக்குப் போன பையன், துறைமுகம் சேர்ந்த அன்றே அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டுவிடுகிறான்.

மாமா தன் கப்பலை ‘சக்தி’ என்று மட்டும்தான் சொல்வார். ஏ57 என்று தேடியதும் ஐ.என்.எஸ். சக்தியின் படங்கள் வந்து விழுந்தன. பளிச்சென்ற சாம்பல் நிறம், பின்னால் ஹெலிகாப்டர் தளம், நடுவில் எண்ணெய்க் குழாய்களைத் தாங்கும் கோபுரங்கள். அந்தப் படங்களைப் பார்த்தே அட்டையில் மேல்தளம் வரைந்து, வெட்டவும் தொடங்கிவிட்டேன். உடலின் மேல் பொருத்திப் பார்த்தால் எதுவும் உட்காரவில்லை. அட்டை நீளமாக இருந்தது, அகலமாகவும் இருந்தது.

அப்புறம்தான் டேப்பை எடுத்தேன். மாமா செய்த உடல் 84 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், பதினொன்றரை சென்டிமீட்டர் அகலம். நான் பார்த்த சக்தி 175 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். இருநூறில் ஒரு பங்காகச் செய்திருந்தால் 87.5 சென்டிமீட்டரும் 12.5 சென்டிமீட்டரும் வந்திருக்க வேண்டும். அந்தக் கப்பல் படையில் சேர்ந்தது 2011 அக்டோபரில். மாமா அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிட்டார். அவர் சொன்ன சக்தி வேறு. பழைய கப்பல் போனபின், அதன் பெயரையும், சில சமயம் எண்ணையும், புதிய கப்பலுக்கு அப்படியே சூட்டுவது கடற்படை வழக்கம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நமக்கு இது அந்நியமான வழக்கம் இல்லை.

பழைய சக்தியின் அளவைத் தேடி எடுத்தேன். 168.4 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம். இருநூறால் வகுத்தால் 84.2, 11.5. இழைப்புளியும் உளியும் வைத்துக்கொண்டு மாமா ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் செய்திருக்கிறார். டேப்பைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கப்பல் ஜெர்மனியில், பிரேமன் நகரத்து வெகசாக் பகுதியிலிருந்த பிரேமர் வல்கன் தளத்தில் கட்டப்பட்டது. அதன் அக்கா கப்பல் தீபக் 1967இல் நம் படைக்கு வந்தது, சக்தி 1976இல். போர்க்கப்பலுக்கு நடுக்கடலில் எண்ணெயும் நன்னீரும் உணவும் வெடிபொருளும் கொடுப்பதுதான் இவற்றின் வேலை. துப்பாக்கி சுடுகிற கப்பலின் பெயர் பாடப் புத்தகத்தில் ஏறுகிறது. சோறு கொண்டுபோன கப்பலின் பெயர் ஏறுவதில்லை. இது சரியில்லை. 1971 டிசம்பர் 4 இரவு கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய ஏவுகணைப் படகுகள் மூன்று: நிபட், நிர்காட், வீர். இந்தப் பெயர்கள் ஓரளவு பலருக்கும் தெரியும். அவை சிறிய படகுகள், தொலைவு போகும் அளவுக்கு எண்ணெய் கொள்ளாதவை. அந்த அணியோடு போஷக் என்ற எண்ணெய்க் கப்பலும் போயிருந்தது. எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

எண்ணெய் மாற்றுவதை மாமா ‘ராஸ்’ என்பார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். இரண்டு கப்பலும் நூறு நூற்றைம்பது அடி இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் துப்பாக்கியால் மெல்லிய நூலை எதிர்க் கப்பலுக்குச் சுடுவார்கள். அந்த நூலைப் பிடித்து இழுத்தால் கயிறு வரும், கயிற்றோடு இரும்பு வடம், வடத்தில் தொங்கிக்கொண்டு எண்ணெய்க் குழாய். இரண்டு உடல்களுக்கும் நடுவே நெருக்கப்படுகிற தண்ணீர் வேகம் கூடி ஓடும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். அதனால் இரண்டு கப்பலும் ஒன்றையொன்று இழுக்கப் பார்க்கும். சுக்கான் பிடிப்பவர் ஒரு நொடி கண் அயர்ந்தால் மோதல்தான். குழாய் மாட்டியிருக்கும் நேரம் முழுக்க யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்களாம். மழைக்காலத்து அரபிக்கடலில், ராத்திரியில், விளக்கைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

குழாய்க்குள் ஓடுவதும் மாறிவிட்டது. அன்றைய போர்க்கப்பல்களில் பல கொதிகலன் வைத்து நீராவியில் ஓடியவை. அவற்றுக்குக் கெட்டியான கரும் உலை எண்ணெய் வேண்டும். மாமாவின் கப்பலும் நீராவிக் கப்பல்தான். இன்று பெரும்பாலும் டீசலும் வாயுச் சுழலியும். எண்ணெய் சுமக்கும் உடலும் மாறியது. அப்போது எண்ணெய்க் கப்பல்களுக்கு ஒற்றைச் சுவர். 1989இல் எக்ஸான் வால்டெஸ் அலாஸ்காக் கரையில் பாறையில் ஏறி எண்ணெய் கொட்டியபின் உலக விதிகள் இறுகின. இன்றைய சக்திக்கு இரட்டைச் சுவர்.

பழைய தீபக் 1996இல் ஓய்வு பெற்றது, பழைய சக்தி 2007இல். போவதற்கு முந்தைய வருஷம்கூடச் சக்தி சும்மா இருக்கவில்லை. 2006 ஜூலையில் லெபனானில் போர் மூண்டபோது, அங்கே சிக்கிய நம்மவர்களை மீட்கப் போன நான்கு கப்பல்களில் சக்தியும் ஒன்று. மும்பை, பிரம்மபுத்ரா, பெத்வா ஆகிய மூன்றும் போர்க்கப்பல்கள். நான்காவது நம் எண்ணெய்க் கப்பல். ‘ஆபரேஷன் சுகூன்’ என்ற அந்த மீட்பில் இந்தியர்களோடு இலங்கை, நேபாள மக்களும் சேர்த்து 2,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். மாமா அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

இடையில் ரஷ்யாவிலிருந்து ஜோதி என்ற எண்ணெய்க் கப்பல் வந்தது, கல்கத்தாவில் ஆதித்யா கட்டப்பட்டது. 2011இல் வந்த தீபக், சக்தி இரண்டும் இத்தாலியின் ஃபின்கான்டியரி நிறுவனம் கட்டியவை. இப்போது அடுத்த தலைமுறை. 2023 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தின் ஹிந்துஸ்தான் கப்பல் தளத்தோடு ஐந்து கப்பல்களுக்கு ஒப்பந்தம் ஆனது. ஒவ்வொன்றும் சுமார் 44,000 டன். மொத்தம் ஏறத்தாழ 19,000 கோடி ரூபாய். இவற்றில் இரண்டைக் கட்டும் வேலை எண்ணூர்ப் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி தளத்துக்கு வந்திருக்கிறது. ஐந்தில் இரண்டாவது கப்பலுக்கு 2025 மார்ச்சில் அங்கே ஏரா என்ற அடித்தண்டை வைத்தார்கள். பிரேமனில் மாமாவின் கப்பலைப் பெற்ற தளம் 1997இலேயே மூடப்பட்டுவிட்டது. இன்று அதே வேலைக்கான கப்பல் நம் கரையில், நம் பிள்ளைகளின் வெல்டிங் பொறியில் உருவாகிறது. எனக்கு இது பெரிய சந்தோஷம். இருநூறில் ஒரு பங்காக அதற்கு மாதிரி செய்தால் 110 சென்டிமீட்டரைத் தாண்டும். அத்தை வீட்டு அலமாரி கொள்ளாது.

மாமாவின் மாதிரிக்குத் திரும்புகிறேன். கரையான் தின்ற இடத்தைச் சுரண்டி, மருந்து அடித்து, நல்ல வெயிலில் காயவைத்தோம். அந்தப் பள்ளத்தைப் பட்டி வைத்து மூடிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். தெருவிலிருக்கும் ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை. மரத்துக்கு மரம்தான் சேர வேண்டும் என்று, அதே ரேகை ஓடும் துண்டு ஒன்றை வெட்டிப் பொருத்தினார். ஒட்டு தெரிகிறது. தெரியட்டும் என்று விட்டுவிட்டோம். உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தபோது மாமா பூசிய நிறங்கள் அடுக்கடுக்காக வந்தன: மேலே வெளிர் சாம்பல், தண்ணீர்க் கோட்டில் கறுப்புப் பட்டை, அதன் கீழே கருஞ்சிவப்பு. புதிதாக வாங்கிய பெயின்ட் டப்பாவை மூடிவைத்துவிட்டு, அவர் நிறத்துக்கு ஒத்துப்போகிற நிறத்தைக் கலந்தேன்.

மேல்தளம் மட்டும் நிற்கிறது. அளவு கிடைத்தால் உடலைச் சரிபார்த்துவிடலாம். தளத்தில் எந்தக் குழாய்க் கம்பம் எங்கே நின்றது, எந்த வருஷம் எதைக் கழற்றினார்கள் என்பதற்குப் படம் வேண்டும். கடற்படையின் வரலாற்றை எழுதிய வைஸ் அட்மிரல் ஹிரானந்தானியின் நூல்கள் கப்பல்கள் ஏன் வாங்கப்பட்டன, எப்படி இயங்கின என்று விரிவாகச் சொல்கின்றன. ஆனால் ஒரு மாலுமி நின்று வேலை பார்த்த மூலை அவனுடைய ஆல்பத்தில்தான் இருக்கும். அத்தையிடம் இருப்பது ஒரே ஒரு படம். எட்டுப் பேர் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். பின்னால் குழாயின் ஒரு வளைவு. படத்தின் முதுகில் தேதி இல்லை, பெயர்கள் இல்லை. ஊகித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. தளம் இல்லாமலே கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ‘ஐ.என்.எஸ். சக்தி, 1976–2007’ என்று எழுதியிருக்கிறேன்.

தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கங்களில் பழைய தீபக்கிலும் சக்தியிலும் வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டார் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். வீட்டை வெள்ளையடிக்கும்போது அந்தப் பழைய ஆல்பத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் கப்பலின் பெயரையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை படத்தின் முன்பக்கம் ஊறிவிடும்.